ஆற்றோடு போன சுடிதார்

என் தங்கை நிர்மலா வாய் ஓயாதவள். மாரண்டஹள்ளியில் புருஷன் நவநீதனோடு விதைக்கடையில் நின்றால், தக்காளி விதைக்கு வந்தவன் கத்திரி விதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போவான். நன்றாக விற்றதற்குப் பரிசென்று விதைக் கம்பெனிக்காரன் இருவரையும் கப்பல் டூர் கூட்டிப்போனான். நாசமாய்ப் போன டூர்!

நவநீதன் மேல்தளத்து விருந்தில் இருந்தான். தலைவலியென்று இவள் அறையில் படுத்திருந்தாள். அறை துடைக்கும் கப்பல் பணியாள் தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்து அவளைக் கெடுத்துவிட்டான். சொல்லவே நாக்குக் கூசுகிறது. கையில் கிடைத்தால் அவனை வெட்டிப் போடுவேன்.

ஊர் திரும்பி ஸ்டேஷனுக்குப் போனோம். "கடல் எங்க லிமிட்டு இல்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தருமபுரி வக்கீல் வெண்மதி கேட்டதும் சீறினாள்.

"எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார வாங்கித்தான் ஆவணும்க்கா. அன்னிக்குப் போட்டிருந்த துணியத் துவைச்சிடாதீங்க, பேப்பர்ல சுத்தி வையுங்க."

இந்தப் பேச்சை எடுத்தாலே நவநீதன் எழுந்து வெளியே போய்விடுவான். கேட்கிற தெம்பு அவனுக்கில்லை.

கேமரா பதிவைக் கேட்டு வெண்மதி கப்பல்காரனுக்கு எழுதினாள். பதிவு அழிந்துவிட்டதாம், கதவை இவளே திறந்துவிட்டாளாம். அடப்பாவிகளா!

"போவட்டும்க்கா, துணி இருக்கே. திங்கக்கிழமை நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்றாள் வெண்மதி. நிர்மலா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு தின்றாள்.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்தால், சுடிதாரைச் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தைக் காணோம். வீட்டையே கலைத்துப் போட்டுத் தேடினோம். அப்போது ஈரத்தலையும் திருநீறுமாக நவநீதன் உள்ளே வந்தான்.

"ஒகேனக்கல் போய் முழுகிட்டு வர்றேன் நிர்மலா. அந்தச் சுடிதாரையும் ஆத்துல வுட்டுட்டேன். பீடை தொலைஞ்சுது. இனிமே நிம்மதியாத் தூங்கு."

கெட்டது பட்ட துணியை ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பாவி, பிரியத்தில் செய்திருக்கிறான்.

"எனக்கிருந்த ஒரே சாட்சிங்க அது" என்றாள் நிர்மலா.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "போய்த் தேடிப் பாக்குறேன்" என்று பைக் சாவியை எடுத்தான்.

"இந்நேரம் மேட்டூரே போயிருக்குங்க."

வாசலில் கார் வந்து நின்றது. "துணிய எடுத்துக்கிட்டீங்களாக்கா?" என்று வெண்மதி குரல் கொடுத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நிர்மலா வெறுங்கையோடு போய்க் காரில் ஏறினாள்.