பதினேழு நிமிடம்

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்தால் மூவாயிரம் படம் தேறும். அத்தனையையும் மாப்பிள்ளை பார்க்க மாட்டார், பெண் பார்க்க மாட்டாள், ஏன், எடுத்தவனே பார்க்க மாட்டான். ஒன்றுவிடாமல் பார்க்கிற ஒரே ஆள் குழல்வாய்மொழி.

ஜெஸ்வினின் ஸ்டூடியோவுக்கு அவள் ஆல்பம் ஒட்ட வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பி.காம். பாதியில் நின்றது. கம்ப்யூட்டரை அங்கேயே, திட்டு வாங்கித்தான் கற்றாள். இப்போது அந்த நாற்காலியில் ஜெஸ்வினே உட்காரப் பயப்படுவார். கேமராவிலிருந்து கார்டு வந்ததும் படங்களை இரண்டு டிஸ்கில் நகல் எடுப்பாள். ஒன்றில்தான் வேலை. மற்றொன்றைத் தொடவே கூடாது. அது குத்துக்கல்வலசையில் அவள் வீட்டு பீரோவில், சாரல் ஈரம் ஏறாமல் பாலித்தீன் பையில் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் இருக்கும். நகை வைக்கிற இடத்தில் டப்பா வைத்திருக்கிறாள் என்று கணவன் மந்திரமூர்த்தி கேலி பேசுவான். நகை வாங்கித் தந்தால் டப்பாவை நகர்த்துகிறேன் என்பாள்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தேதி, ஊர், பெண்ணின் பெயர் போட்டு ஒரு ஃபோல்டர். அதற்குள் முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று மூன்று. கண் மூடியது, ஆடியது, யாரோ குறுக்கே வந்தது எல்லாம் கழிசலுக்குப் போகும். ஆனால் அழிக்க மாட்டாள்.

“எடத்த அடைக்குதுல்லா, அழிச்சுத் தொலையேன்” என்பார் ஜெஸ்வின்.

“அது பாட்டுக்குக் கெடக்கட்டும் அண்ணாச்சி.”

ஒரு நாள் காலையில் இலஞ்சியிலிருந்து பார்வதியம்மாள் வந்தார். அவர் மகள் சத்யபிரியாவின் கல்யாணத்தை ஆனி மாதம் இந்த ஸ்டூடியோதான் எடுத்தது. வந்தவர் உட்காரவில்லை.

“எம்மா, எம் பிள்ள வாழ்க்க உன் கையிலதான் இருக்கு” என்று குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்று பேச்சு. ஏறியும்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன வாரம் மாப்பிள்ளை அருண்பாண்டி பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். விசாரிக்க வந்த சொந்தக்காரர் யாரோ போனில் கல்யாணப் படத்தைத் தள்ளிப் பார்க்க, தாலி கட்டும் படத்துக்குக் கீழே மணி தெரிந்திருக்கிறது. ஏழு முப்பத்தாறு.

“ராகு காலத்துல கட்டுன தாலியாம். எம் பிள்ளய ஒரு பையோட அனுப்பிட்டாவ. ஐயர் நேரத்துக்குத்தான் முடிச்சாருன்னு சொன்னா, படம் பொய் சொல்லுமான்னு கேக்காவ சம்பந்தி.”

“மாப்பிள்ள என்ன சொல்லுதாரு?”

“கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு.”

கால்தானே ஒடிந்தது, வாய்க்கு என்ன வந்தது? ஆனால் குழல்வாய்மொழி அதைக் கேட்கவில்லை.

“மணிய மட்டும் மாத்திக் குடுத்துருவியாம்மா?” என்றார் பார்வதியம்மாள்.

ஜெஸ்வின் இளகிய மனசுக்காரர். “ரெண்டு கிளிக்தானே குழலு, மாத்தி அனுப்பிரு. பாவம்லா.”

“மாத்த மாட்டேன் அண்ணாச்சி. ஒரு படத்துக்குப் பொய்யா மணி போட்டா, இங்கன இருக்க எந்தப் படத்த நம்புறது?” என்றவள், பார்வதியம்மாளிடம் திரும்பி, “நீங்க வீட்டுக்குப் போங்க பெரியம்மா. நான் பாக்குதேன்” என்றாள்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தொடாத டிஸ்கை எடுத்து வந்து செருகினாள். அன்றைக்கு இரண்டு கேமரா. ஜெஸ்வினின் கேமராவில் அதே தாலிப் படம், அசல் மணி ஏழு பத்தொன்பது. உதவிக்கு வரும் பையன் பாண்டியராஜின் கேமராவில் ஏழு முப்பத்தாறு. பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. இரண்டு கேமராவின் படங்களையும் ஒரே வரிசையில் கோக்கும்போது பதினேழு நிமிடம் முரண்பட்டது. ஜெஸ்வின் எடுத்தது தொள்ளாயிரம், பாண்டியராஜ் எடுத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். குறைவாக இருந்த படங்களின் மணியை நகர்த்தி நிறைய இருந்ததோடு சேர்த்துவிட்டாள். எது முன்னே, எது பின்னே என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. உண்மையில் மணி என்ன என்று அவள் யோசிக்கவே இல்லை.

“பாண்டி, கேமராவுல மணி எதப் பாத்துலே வச்ச?”

“இந்தக் கடிகாரத்தப் பாத்துத்தாங்க்கா” என்று பாண்டியராஜ் சுவரைக் காட்டினான்.

ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று ஜெஸ்வின் முன்னால் ஓடவிட்டிருந்த கடிகாரம் அது. போனோடு ஒத்துப் பார்த்தாள். சரியாகப் பதினேழு நிமிடம் கூடுதல். ஜெஸ்வின் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

சரியாக இருந்த மணியைத் தவறான மணியாக மாற்றியது அவள் கைதான். ஒரு பெண் பையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இதைப் போய்ச் சொன்னாலும், இரண்டு மணியில் உனக்குத் தோதானதைச் சொல்கிறாய் என்பார்கள். கேமரா இரண்டையும் சேராத மூன்றாவது கடிகாரம் ஒன்று வேண்டும்.

முதல் தரத்தில் இல்லை. இரண்டாம் தரத்தில் இல்லை. கழிசலைத் திறந்தாள். அறுநூற்று நாற்பது படம். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே ஆறியது. நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஊரான அச்சன்புதூருக்கு பஸ் ஏறினாள். கூட வருகிறேன் என்ற ஜெஸ்வினை, தப்பு என்னுடையது என்று நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா பொன்செல்வி வாசலிலேயே கை வாட்சைத் திருப்பிப் பார்த்தார்.

“மூணு நாப்பது பஸ்ஸா? இன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு. எங்க அண்ணன் துபாய்ல இருந்து குடுத்த வாட்ச். நாலு வருசமாச்சு, ஒரு நிமிஷம் தப்பாது.”

குழல்வாய்மொழி சுற்றி வளைக்கவில்லை. “படத்துல மணி தப்பும்மா. தப்பு பண்ணுனது நான்” என்று ஆரம்பித்து, சுவர்க் கடிகாரம் வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பதினான்கு வருடப் பெயரை நடுவீட்டில் போட்டு உடைக்க ஒரு தைரியம் வேண்டும். அது அவளிடம் இருந்தது.

“அவுக சொல்லிக் குடுத்து அனுப்பிருப்பாவ” என்றார் பொன்செல்வி.

லேப்டாப்பைத் திறந்தாள். தாலி ஏறிய அந்த நொடியில் பாண்டியராஜ் எடுத்த படம், கீழே அதே ஏழு முப்பத்தாறு. மணமக்கள் முகமே தெரியவில்லை. பின்னாலிருந்து அட்சதை தூவ நீண்ட ஒரு கை இரண்டு பேரையும் மறைத்திருந்தது.

“இது யாரு கை?”

“உங்க கைதாம்மா.”

பெரிதாக்கினாள். உள் மணிக்கட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டிய வாட்ச். சின்ன முள் ஏழைத் தாண்டியிருந்தது. பெரிய முள் நான்கைத் தொட ஒரு கோடு பாக்கி. ஏழு பத்தொன்பது.

பொன்செல்வி திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த அருண்பாண்டிக்கு அப்போதுதான் வாய் வந்தது. “எம்மா, உன் வாட்ச்தான் தப்பாதே.”

அடுத்த நாள் பொன்செல்வியே இலஞ்சிக்குப் போய் மருமகளை அழைத்து வந்தார். ஸ்டூடியோவில் குழல்வாய்மொழி ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பினாள். ஜெஸ்வின் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு பெண் தன் வீட்டில் இருக்க ஒரு வாட்ச் சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்று அவளுக்கு ஆறவில்லை. நான்கு நாள் கழித்து சத்யபிரியா போனில் கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“யக்கா, அந்தப் படத்த எனக்கு அனுப்புதீங்களா?”

“அதுல உன் மூஞ்சியே தெரியாதேம்மா. நல்ல படமா அனுப்புதேன்.”

“இல்லக்கா, அதான் வேணும். இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா, கையில இருக்கட்டும்.”

குழல்வாய்மொழி படத்தை அனுப்பினாள். பிறகு அதைக் கழிசலிலிருந்து எடுத்து, முதல் தரத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள்.