ஒன்பது பூங்காக்களில் ஒரு குரல்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அது இன்னும் கம்பெனி ஆகியிருக்கவில்லை. பொருட்காட்சி பொருட்காட்சியாக ராட்டினம் தூக்கிக்கொண்டு அலைந்த ஒருவர், அலைந்தது போதும் என்று நகரத்துக்கு வெளியே ஒரு சதுப்பு நிலத்தை வாங்கி மண் அடித்தார். ஒரு ராட்சத ராட்டினம், மோதி விளையாட ஆறு கார்கள், வெளிநாட்டில் யாரோ கழித்துக்கட்டிய ஒரு ரோலர் கோஸ்டர். இவ்வளவுதான் அன்றைய பூங்கா. அவள் டிக்கெட் கொடுத்தாள். அதனால் இருபத்திரண்டு வயதிலேயே எல்லோருக்கும் ‘டிக்கெட் அக்கா’ ஆனாள், நரைத்த வாட்ச்மேனுக்கும் சேர்த்து.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், அறிவிப்பைப் பதிவு செய்ய வரவேண்டிய வானொலிக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு டிக்கெட் கூண்டுக்கு வந்தார்.

“ஏம்மா, தட்டுத் தடுமாறாம வாசிப்பியா?”

“பன்னெண்டாவது பாஸ் சார்.”

“அது போதும், வா.”

சாமான் அறையின் கதவில் மெத்தையைத் தொங்கவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அவளை உட்கார வைத்தார்கள். கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளவும், கைகளை வெளியே நீட்ட வேண்டாம் என்று காகிதத்தில் இருந்ததை வாசித்தாள். அதற்கு முந்தின நாள் சோதனை ஓட்டத்தில் அவளையும் ஏற்றி இறக்கியதில், அவள் வாந்தி எடுத்திருந்தாள். அந்த நினைப்பில், காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: “பயப்படாதீங்க, கொஞ்ச நேரம்தான்.”

முதலாளி சிரித்தார். “இருக்கட்டும், வெட்டாதே” என்று பதிவு செய்தவரிடம் சொன்னார்.

ஒரு பூங்கா இரண்டாகி, ஐந்தாகி, ஒன்பதானது. சவாரிகள் மாறின. குரல் மட்டும் அதே குரல். ஒரு படத்தில் காமெடி நடிகர் ஒருவர் மணமேடையில் மாப்பிள்ளையின் காதருகே குனிந்து அந்த வரியைச் சொன்னார், அதன்பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஊசி போடும் நர்சுகள் சொன்னார்கள். பரீட்சைத்தாள் கொடுக்கும் வாத்தியார்கள் சொன்னார்கள். ஆட்சியைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர் சொல்லிக் கைதட்டு வாங்கினார். பூங்காக் கடையில் அது பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சாகி விற்றது.

அவளுக்கு அதில் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். “ஜனங்களை மேல ஏத்தி எறக்குறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் தொழில்” என்பார். விசேஷ வீடுகளில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும், “எங்கே, ஒரு தடவை சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவார். வெட்கப்படுவதுபோல் கொஞ்சம் இழுத்துவிட்டு அவள் சொல்வாள். அப்படியே ரோலர் கோஸ்டரில் கேட்பதுபோல் இருக்கும். மகள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

இருபத்தைந்தாவது ஆண்டில் முதலாளியின் மகன் கம்பெனி வரலாற்றுக்கு ஒரு காட்சிக்கூடம் கட்டினார். பழைய ராட்டினத்தின் நாற்காலி, முதல் டிக்கெட், பனியன்கள், படத்தின் போஸ்டர் எல்லாம் வைத்தார்கள். அவள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனாள்.

“சின்ன முதலாளி, ஒரு மூலையில என் போட்டோ ஒண்ணு... குரல் கொடுத்தவங்கன்னு.”

அவர் மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் குரலைக் கேக்குறவங்க மனசுல ஒரு பொண்ணு இருக்கா. அது நீங்க இல்ல.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில், “அவர் சொல்றதும் நியாயம்தானே” என்றாள். காட்சிக்கூடம் திறந்தபோது, காதில் ஹெட்போன் மாட்டி மைக் முன்னால் சிரிக்கும் யாரோ ஒரு மாடல் பெண்ணின் படம் ஆளுயரத்தில் இருந்தது. விசேஷ வீடுகளில் கணவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஐந்தாவது பூங்காவில் ஒரு ஊஞ்சல் சவாரி நடுவானத்தில் சிக்கி நின்றது. பன்னிரண்டு பேர் தலைகீழாக நாற்பது நிமிடம் தொங்கினார்கள். இயந்திரம்தான் நின்றதே தவிர, ஒலிபெருக்கி நிற்கவில்லை. அரை நிமிடத்துக்கொரு தரம், பயப்படாதீங்க, கொஞ்ச நேரம்தான். கீழே நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒரு கம்பி கழன்று இரண்டு பேர் விழுந்ததும் அதில் இருந்தது. அதற்குப் பிறகும் குரல் பேசியது. நாடு முழுக்க அதைப் பார்த்தது.

பத்திரிகைக்காரர்கள் கம்பெனியைச் சூழ்ந்தார்கள். இயந்திரத்தைப் பற்றிக் கேட்டபோது விசாரணை நடக்கிறது என்றார்கள். குரலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் உடனே பதில் கிடைத்தது: அந்த வரி கம்பெனி எழுதிக் கொடுத்ததல்ல, எங்கள் ஊழியர் ஒருவர் தானாகச் சேர்த்தது. அவளுடைய அடையாள அட்டைப் படத்தையும் கொடுத்தார்கள். இருபத்தேழு வருடத்தில் அப்படித்தான் முதல் தடவையாக அவள் முகம் வெளியே வந்தது.

“எப்படிம்மா உனக்கு வாய் வந்துச்சு?” என்று முகம் தெரியாதவர்கள் போனில் திட்டினார்கள், ஏதோ அன்று அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டே சொன்னதுபோல. காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கப் பழகிக்கொண்டாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கண்டக்டரிடம் நீட்டினாள். அவர் அவளை ஊமை என்று நினைத்து, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுந்து இடம் கொடுக்கச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி கதவைத் தட்டினாள். விழுந்த இருவரில் ஒருவனுடைய அம்மா. திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். அவளோ செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“எம்புள்ள கடைசியா கேட்டது உங்க குரல்தானே. அதை நேர்ல ஒரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு.”

“அது நான் எப்பவோ சொன்னதுங்க. அன்னைக்குச் சொன்னதில்ல.”

“தெரியும்மா. நான் சண்டைக்கு வரல. சொல்லுங்க.”

கணவர் சமையலறை வாசலில் நின்று வேண்டாம் என்று கையசைத்தார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னாள். பாதியில் குரல் பிசிறியது. செருமிவிட்டு மறுபடி சொன்னாள்.

வந்தவள் கண்களை மூடிக் கேட்டாள். பிறகு திறந்து, கொஞ்ச நேரம் இவள் முகத்தையே பார்த்தாள்.

“இது இல்லம்மா. இது வேற யாரோ.”

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மாதம் டிக்கெட் அக்கா வேலையை விட்டாள். விடு என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் தரும்படி மட்டும் ஒரு கடிதம் வந்தது. எட்டு மாதம் மூடிக்கிடந்த பூங்கா, பாதி விலை டிக்கெட்டோடு திறந்தது. வரிசை பிரதான சாலைவரை நின்றது. அறிவிப்புக்குக் கம்ப்யூட்டர் குரல் போட்டிருந்தார்கள். சிக்கனமான சொற்கள், பிசிறில்லாத உச்சரிப்பு.

மகள் இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லோரும் சேர்ந்து ஒருநாள் அந்தப் பூங்காவுக்குப் போவதாக முடிவானது. இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு மூன்றாம் நாள்தான் அம்மாவிடம் சொன்னாள்.

“நான் மட்டும் வரலன்னா ஏன்னு கேப்பாங்கம்மா. அங்க யாருக்கும் நம்மளைப் பத்தித் தெரியாது.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“போயிட்டு வா. முடியை இறுக்கிப் பின்னிக்கோ, காத்துல சிக்காயிடும்.”