கடகத்துக்குள் கொக்குக்குஞ்சுகள்

மானிப்பாயில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவருக்குக் கொக்கைப் போலவே ஒடுங்கிய முகம், நீண்ட கழுத்து. மடியில் ஈரச்சாக்கால் மூடிய பனையோலைக் கடகம். அடிக்கடி ஒரு சின்ன மீனை வாயில் போட்டு மென்று, விரல் நுனியில் எடுத்துச் சாக்கின் இடுக்கில் நீட்டுவார்.

திடீரென்று அந்த இடுக்கால் மெல்லிய கழுத்தொன்று வளைந்து எழுந்து சீறியது.

“பாம்பு, பாம்பு” என்று நான் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. சனம் இறங்கி ஓடியது. நாற்பது வயதுக்காரனான நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஆசனத்தின் மேல் ஏறி நின்றேன். சாரதி இரும்புக் கம்பியோடு வந்தான். அவர் கடகத்தின் மேல் கவிழ்ந்துகொண்டார்.

“அடியாதை தம்பி, கொக்குக்குஞ்சுகள். கூடு இருந்த மரத்தைத் தறிச்சுப்போட்டாங்கள், தாய் திரும்பி வரேல்லை. நான்தான் சப்பிக் குடுத்து வளர்க்கிறன்.”

“அப்ப பாம்பெண்டு கத்தினது ஆர்?” என்றான் சாரதி.

நான் வெளியே இருந்த வாழைத்தோட்டத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன்.

“நான்தான். கையிலை கொத்திப்போட்டுது, பயந்திட்டன்” என்றவர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “இறங்கி இருங்கோ அண்ணை. குஞ்சுகள் பயப்பிடுதுகள்.”

யாழ்ப்பாணம் வரும்வரை பஸ் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அவரோ தலை நிமிராமல் அடுத்த மீனை மென்றுகொண்டிருந்தார்.