கருநாக்குச் செங்கமலம்

பிள்ளைப்பாக்கத்தில் புதுச்சேலை கட்டிய பெண்கள், எதிரில் செங்கமலம் வருவது தெரிந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள். "சேல நல்லா கீதே" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்றைக்கே அது முள்ளில் மாட்டிக் கிழியும் என்று ஊருக்கு நம்பிக்கை. கைக்குழந்தைக்காரிகள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொள்வார்கள். கருநாக்குச் செங்கமலம் என்றுதான் ஊர் அவளைச் சொன்னது. பாவம், அவள் நாக்கு எல்லார் நாக்கையும் போலச் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பெயர் வந்தது அறுபத்து நாலாம் வருஷத்தில். செங்கமலமும் அவள் புருஷன் கன்னியப்பனும் ஒரு கறவை மாடு வைத்திருந்தார்கள். பக்கத்து வீடு கன்னியப்பனின் தம்பி சுப்பிரமணியுடையது. சுப்பிரமணியின் பெண்டாட்டி கிளியம்மாளுக்கும் செங்கமலத்துக்கும் எப்போதும் ஏதாவது ஒரு உரசல் இருந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மாடு அறுத்துக்கொண்டு போய்க் கிளியம்மாளின் கேழ்வரகுக் கொல்லையை மேய்ந்துவிட்டது. "இந்த மாட்டுக்கு ஒருநாள் கீது" என்று கிளியம்மாள் கத்தினாள். கோபத்தில் யாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் மறுநாள் காலையில் மாடு வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

செங்கமலம் யோசிக்கவில்லை. உச்சிவெயிலில் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனாள். கிளியம்மாள் வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரி வாரித் தூற்றினாள்.

"என் மாட்டுக்கு வெஷம் வெச்ச கை வெளங்காது! இந்த வூடு சுடுகாடா பூடும்! இந்த வூட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது!"

தெருவே கூடி நின்று பார்த்தது. கிளியம்மாளின் மகள் சரோஜாவுக்கு அப்போது பதினோரு வயது. கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையைக் கூட்டப் போன செங்கமலம், மூலையில் கூடை ஒன்று கவிழ்ந்து கிடப்பதைக் கண்டாள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நெல் புழுக்கும் மில்லில் களத்து வேலை செய்தாள். களத்தைக் கூட்டிக் கிடைக்கிற வெந்த நெல்லை வேலைக்காரிகள் எடுத்துக்கொள்ளலாம். முந்தின நாள் அப்படி ஒரு கூடை நெல்லைக் கொண்டுவந்து, அலுப்பில் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, மூடாமல் படுத்துவிட்டிருந்தாள். இப்போது கூடையில் ஒரு மணி இல்லை. அத்தனையையும் தின்று, தொட்டித் தண்ணீரையும் குடித்துத்தான் மாடு செத்திருக்கிறது. அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அப்போதே நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்துவிட்டு ஊர் மறந்திருக்கும். அவள் கூடையை அடுப்பில் வைத்து எரித்தாள்.

அதிலிருந்து பத்தாவது மாதம் சுப்பிரமணி செத்துப்போனான். ஏர் ஓட்டும்போது துருப்பிடித்த கொழு காலைக் கிழித்தது. ரணஜன்னி கண்டு ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. ஊர் கொழுவைப் பேசவில்லை, செங்கமலத்தின் வாயைத்தான் பேசியது.

கன்னியப்பனுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. தம்பி செத்ததில் வருத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் அதற்குப் பிறகு ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிற முறையில் அவனோடு யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. மற்றவன் மடை திறக்கச் சண்டை போட்டுக்கொண்டிருப்பான், இவன் கொல்லைக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும். வேறு சிலர் செங்கமலத்தையே தேடி வந்தார்கள். "எங்க பங்காளி வூட்டு வாசல்ல வந்து ஒரு புடி மண்ணு தூத்திட்டுப் போம்மா" என்று ஒருவன் மரக்கால் நெல்லோடு வந்து நின்றான். அவனைத் துரத்திவிட்டு அவள் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். காலையில் மில், சாயங்காலம் வீடு. வாயைத் திறந்தால் ஊர் பயப்படுகிறது, திறக்காவிட்டால் உள்ளே இருக்கிறது அரிக்கிறது. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. தூங்கி எழுந்தாலும் அது போகவில்லை.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடிற்று.

எழுபத்து மூன்றாம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. மில் களத்தில் புழுக்கிய நெல் காய்ந்துகொண்டிருந்தது. கூடவே வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண் ஞானம்மா கோயிலுக்குப் போகிறேன் என்று அன்று வரவில்லை. மதியம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? களத்து மேஸ்திரி பாண்டுரங்கன் கத்தினான்.

"ஏம்மே செங்கமலம், ஓடிப் போயி ஞானம்மாவ இட்டுகினு வா. நெல்ல வாரணும், ஆள் பத்தாது!"

தண்டலம் போகும் வழியில், சேரிக்குள் இருந்தது அந்தக் கீற்றுக் கோயில். செங்கமலத்தின் ஜாதிக்காரர்கள் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. களத்தில் மட்டும் ஞானம்மாவோடு ஒரே வெயிலில் வேகலாம், அதற்கு ஜாதி குறுக்கே வராது. அவள் தயங்கித் தயங்கிக் கோயில் வாசலுக்குப் போனாள். உள்ளே சனம் தரையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் இருமவில்லை. கூப்பிடக் கூச்சப்பட்டு, ஓலைக்கீற்றைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

உபதேசியார் ஏசு சாமியைக் கொன்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எச்சில் துப்பினதை, அடித்ததை, கையிலும் காலிலும் ஆணி இறக்கினதை, கீழே நின்று சிரித்ததை. செங்கமலம் தன்னை மறந்து கேட்டாள். இப்போது இந்த மனுஷன் வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருந்தாள். மண்ணை வாரமுடியாது, இரண்டு கையும் ஆணியில் இருக்கிறது. ஆனால் வாய் இருக்கிறதே! ஒரு பாவமும் செய்யாதவன், சாகிற நேரம், வலியோடு விடுகிற சாபம். அது பலிக்காமல் போகுமா? அந்த ஊரே பற்றி எரிய வேண்டாமா?

அவர் வாயைத் திறந்தார். இவர்களை மன்னித்துவிடும், தெரியாமல் செய்கிறார்கள் என்று தகப்பனிடம் கேட்டுக்கொண்டார்.

"இன்னா ஆளு இவுரு!" என்று செங்கமலம் உரக்கவே சொல்லிவிட்டாள். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வந்தது கோபம், உண்மையான கோபம். பிறகு கோபம் இறங்கி, அதற்கடியில் வேறொன்று தட்டுப்பட்டது. குற்றமே செய்யாதவர் சபிக்கவில்லை. குற்றத்தைத் தன் வீட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு அவள் சபித்தாள். கீற்றோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். எதற்கு வந்தோம் என்பது அடியோடு மறந்துபோனது.

மழை பிடித்துக்கொண்டது. களத்தில் இருந்த நெல்லில் பாதி நனைந்தது. ஞானம்மாவும் அவளும் சொட்டச் சொட்ட வந்து நின்றபோது பாண்டுரங்கன் ஆடித் தீர்த்தான். எல்லாத் திட்டும் ஞானம்மாவுக்குத்தான், செங்கமலத்தைத் திட்ட அவனுக்குத் தைரியம் இல்லை. "அந்தம்மாவ இன்னாத்துக்குத் திட்டற? நான்தான் கூப்புடாம குந்திகினு இருந்தேன்" என்றாள் செங்கமலம். வருஷக்கணக்கில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டவர்கள் இல்லை. பாண்டுரங்கன் பயந்துபோய் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் நனைந்த நெல்லை மறுபடி பரப்பிக் காயவைத்தார்கள். ஞானம்மாவை மில் கொட்டகை நிழலுக்கு அனுப்பிவிட்டு, செங்கமலம் தனியாக நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு களத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். உச்சி வெயில். கால் கொதித்தது. நடந்துகொண்டே, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவரிடம் பேசினாள். மரியாதை எல்லாம் தெரியாது அவளுக்கு.

"உனக்கு மட்டும் எப்பிடி முடிஞ்சிது? எனக்குச் சொல்லு. கூடைய எரிச்சவ நான். மாட்டக் கொன்னது நான். உனக்குத் தெரியுமா?"

காட்சி எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் நடப்பது அவளுக்குத் தெரிந்தது. பிற்பாடு எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டபோதும் அவள் இதை மாற்றிச் சொன்னதில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். கூடை தெரியும், அடுப்பு தெரியும். தெரிந்தும் அவர் விலகிப் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் அவளைக் கண்டு விலகாத முதல் ஆள் அவர்தான். கொதிக்கிற நெல்லில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஞானம்மா ஓடிவந்து, "யக்கா, இன்னா ஆச்சி, மயக்கமா?" என்று தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். ஞானம்மா பெரிதாக ஒன்றும் போதிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லிட்ட. கிளியம்மாகிட்ட சொல்ல வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்பது சுலபம். செங்கமலம் நாலு நாள் கழித்துத்தான் போனாள். மண் தூற்றிய வாசலைத் தூற்றியவள் மிதிக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் தெருவில் நின்றபடியே கூடையின் கதையைச் சொன்னாள். கிளியம்மாள் முறத்தைக் கையில் பிடித்தபடி கேட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"சொல்லிட்டியா? மனசு லேசா ஆச்சா?" என்றாள். "எனுக்கு இன்னா ஆச்சி? தாலியறுத்தவ நானு. என் பொண்ணுக்கு இருவது வயசு ஆவுது. மூணு தபா பொண்ணு பாக்க வந்தவங்க, இது மண்ணு தூத்துன வூடுன்னு ஊராரு சொல்லக்கேட்டு, தெருக்கோடியிலேயே திரும்பிட்டாங்க. எங்கிட்ட தனியா சொல்லி இன்னா பிரயோஜனம்? வர ஞாயித்துக்கிழம குன்றத்தூர்லேர்ந்து வராங்க. அவங்க எதிர்ல, ஊரு எதிர்ல சொல்லு. முடியுமா உன்னால?"

வீட்டில் கன்னியப்பன் குதித்தான். "பைத்தியமா உனுக்கு? நாளைக்கி மடையில எவன் நம்மள மதிப்பான்? போனா வூட்டுப் பக்கம் வராத!" அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கு. அந்த வாரம் முழுக்கச் செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாமியைக் கண்டவள் தைரியசாலி ஆகிவிடுவாள் என்று நினைத்தால் அது தப்பு. களத்தில் நடக்கும்போது, "நான் போவல, உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்" என்று அவரிடமே பேரம் பேசிப் பார்த்தாள். அவர் பக்கத்திலேயே நடந்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். மாப்பிள்ளையின் அம்மாவும் மாமனும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது. செங்கமலத்தைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவள் வாசலை மிதிக்காமல் தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மாடு, கூடை, அடுப்பு, மண். "இந்த வூட்டு மேல ஒரு தப்பும் இல்ல. மைத்துனரு கொழு குத்தி ரணஜன்னில செத்தாரு. என் வாயால இல்ல. என் வாய்ல ஒன்னும் கெடயாது. நான் பொய்க்காரி, அவ்ளோதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "ஒம்போது வருசமா ஊர ஏமாத்திக்கினு இருந்துகிறா பாரு!" என்றான் ஒருவன். முந்தின வாரம்வரை அவளைக் கண்டு சந்தில் ஒளிந்தவர்கள் காறித் துப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சரோஜாவை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துகொண்டாள். நல்லதாகவும் எடுத்துக்கொள்ளலாம், கெட்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் கலைந்தது.

செங்கமலம் திரும்பி நடக்கத் தொடங்கியபோது கிளியம்மாள், "நில்லு" என்றாள். சரோஜாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். அது இன்னும் வரல. உன் வாய்ல ஒன்னும் இல்லன்னு நீ சொல்ற. ஊரு சிரிக்கிது. ஆனா எனுக்கு இன்னும் வயித்துல பயம் கீது. அந்த வாயாலயே என் பொண்ணுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போ."

சரோஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி வாங்கப் போகிறவள் போலத் தோளைக் குறுக்கி நின்றாள். செங்கமலம் அந்தத் தோளையே பார்த்தாள். சபிக்கத் தெரிந்த அளவு வாழ்த்தத் தெரியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. பாடுபட்டுத் திறந்தாள்.

"ஏசு சாமி, இந்தப் புள்ள நல்லா இருக்கணும். வாயார சிரிச்சிக்கினு இருக்கணும். நல்லா இரு கண்ணு."

சரோஜா கண்ணைத் திறந்தாள். கிளியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றாள்.

செங்கமலம் இன்னொரு தரம் சொன்னாள்.