ஒரே நூலில் கட்டிய குறிப்புகள்

இது நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. ஆனால் படித்துவிட்டு மத்தியானத்தில் தனியே இருக்கப் பயந்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. இதில் எதுவும் இரவில் நடக்கவில்லை.

முரசுமோட்டையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல். எங்களுக்கு என்றால், அவருக்கு. அப்புத்துரைக்கு நான் இரண்டாந்தாரம் (எழுத்தில்தானே பெயரைச் சொல்கிறேன், குற்றமில்லை). மூத்தவள் கமலாசனி 1955 ஆவணியில் காய்ச்சலில் இறந்தாள், பிள்ளை இல்லாமல். செத்தவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். நான் பட்டேன். என் குழம்பை வாயில் வைத்ததும் அவர் ஒரு கணம் நிறுத்துவார். யாருடைய சமையலை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அலுமாரியில் அவருடைய சாதகக் குறிப்பும் அவளுடைய குறிப்பும் ஒரே நீல நூலில் கட்டியபடி கிடந்தன. செத்தவர்களின் குறிப்பை வைத்திருக்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அவர் வைத்திருந்தார். என்னுடையது பிஸ்கட் பேணிக்குள், பழைய கடிதங்களோடு கிடந்தது.

1959 கார்த்திகை. கலியாணமாகி இரண்டு வருடம், வயிற்றில் ஒன்றுமில்லை. எங்கள் இருவரின் குறிப்பையும் சாத்திரியாரிடம் காட்டச் சொன்னார். நான் கட்டை அவிழ்த்து அவளுடையதையும் சேர்த்து எடுத்தேன். அவளுக்கு ஐந்தாம் இடத்தில் சனி என்று மாமி முன்பே சொல்லியிருந்தார். ஐந்தாம் இடம் பிள்ளைக்குரியது. அவளுக்கும் பிள்ளைப் பாக்கியம் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டால், அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

பரந்தனில் இளையதம்பிச் சாத்திரியார் எங்கள் குறிப்புகளைப் பார்த்தார். நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். பிள்ளைப் பாக்கியத்துக்குத் தடை இருக்கிறது என்று அதன் அர்த்தம். மற்றதை நீட்டினேன். மச்சாளுடையது என்று பொய் சொன்னேன். ஐந்தாம் இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றேன்.

"ஒரு வீட்டை மட்டும் பாத்துப் பலன் சொல்லேலாது பிள்ளை. முழுக்கச் சேத்துப் பாக்கவேணும்."

நெடுநேரம் பார்த்தார். விரல் மடித்து எண்ணினார்.

"ஐஞ்சில சனிதான். ஆயுளும் பிழை. ஆனா குரு பாக்கிறார். எல்லாத்தையும் சேத்தா... இவவுக்கு வாற ஆவணியில பொம்பிளைப் பிள்ளை."

செத்தவளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. கிரகங்களும் அவள் பக்கமா?

வீட்டுக்கு வந்து அவளுடைய குறிப்பைக் குசினி அடுப்பில் வைத்தேன். நீல நூலையும் போட்டேன். இரண்டும் சாம்பலாகும் வரை நின்று பார்த்தேன். மணிக்கூட்டில் பன்னிரண்டு இருபது.

அந்த மாதமே எனக்கு நாள் தள்ளிப் போனது.

அடுத்த ஆவணி பதினொன்றில் பெண் குழந்தை பிறந்தது. சாத்திரியார் குறிப்புகளை மாற்றிப் பிடித்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இருபதாம் நாள் மத்தியானம். அவர் வயலில். அறைக்குள் ஏணையில் கிடந்த குழந்தை அழுதது. நான் குசினியில் கை கழுவினேன்.

அழுகை சட்டென்று நின்றது.

கிறீச்... கிறீச்... ஏணைக் கயிறு.

"ஆரது?"

கிறீச்... கிறீச்...

உள்ளே போனேன். ஒருவரும் இல்லை. ஏணை ஆடியது.

குழந்தை என்னைப் பார்க்கவில்லை. ஏணைக்கு மேலே எதையோ பார்த்தது.

கடைவாயில் பால்.

பத்து மணிக்குப் பிறகு நான் கொடுக்கவில்லை... தொட்டேன். சூடாக இருந்தது.

மணி பன்னிரண்டு இருபது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அந்த நேரத்தில் என் பிள்ளை என்னைத் தேடவில்லை. பயத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாரோ என்று பயந்தேன்.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் ஓமந்தைக்குப் போனோம். எங்களை அறியாத ஒரு சாத்திரியார் பிள்ளைக்குக் குறிப்பு எழுதினார். பிள்ளை என் மடியில் இருந்தது. கட்டங்களை நிரப்பி, முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் கேட்டார்.

"எல்லாம் நல்லாக் கிடக்கு. தாய் காலமாகி எத்தினை வருசம்?"

அவர் சிரிப்பார், என்னைக் காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"போன ஆவணியோட அஞ்சு," என்றார்.

ஒரு மாதப் பிள்ளைக்கு அது எப்படி என்று கேட்காமல், சாத்திரியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வளர்க்கிறவள் என்று நினைத்திருப்பார்.

வீடு வந்ததும் அவர் பிள்ளையின் குறிப்பைத் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டி அலுமாரிக்குள் வைத்தார். நூலைப் பார்த்தேன். நீலம்.

"எங்க எடுத்தனீங்கள்?"

"எப்பவும் இதுக்குள்ளதானே கிடக்கு."

அவர் வயலுக்குப் போனபின் கட்டை அவிழ்த்து எண்ணினேன்.

மூன்று குறிப்புகள் இருந்தன.

என்னுடையது பேணிக்குள்தான் கிடந்தது.