கட்டி தட்டாத மருந்து

கல்யாணத்துக்குப் பிறகு எம்.ஃபார்ம் படிக்க மாமியார் எனக்குக் கொடுத்தது இரண்டே வருடம். அது முடிய ஒரு மாதம் இருந்தபோதும் நான் ஆய்வுக்கு எடுத்த மருந்து தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆய்வை முடித்தால் வேலைக்குப் போகலாம்; முடிக்காவிட்டால் கீழ்பென்னாத்தூரில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பாதி வேலை முடிந்திருந்தது. மருந்தைச் சிறு மணிகளோடு போட்டு அரைத்து, தண்ணீரில் பால்போல மிதக்கும் நுண்துகள்களாக்கிவிட்டேன்; அவ்வளவு பொடியானால் உடம்பில் எளிதாகக் கரைந்துவிடும். ஆனால் வேண்டியது மாத்திரை. அதற்காக உறையவைத்து உலர்த்தினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டி தட்டிவிடும். அந்த மாத்திரை தண்ணீரில் கல் மாதிரி கிடக்கும்.

உலர்த்தும் முன் மானிடால் என்ற சர்க்கரையைச் சேர்த்தால் அது துகள்களுக்கு நடுவே நின்று ஒட்டவிடாது. சேர்த்தேன், சிட்டிகை அளவில். "மருந்து ஜாஸ்தி இருக்கணும், சக்கரை கம்மியா இருக்கணும். மிட்டாயா செய்யறோம்?" என்பார் என் வழிகாட்டிப் பேராசிரியர். ஆறு மாதம் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகக் கல்லூரிக்கு இரண்டு நாள் விடுமுறை. பேராசிரியர் வேலூர் போய்விட்டார். பஸ் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட, வேங்கிக்காலில் இருக்கும் கல்லூரி வரை நடந்துபோய்க் காவலாளியிடம் ஆய்வகச் சாவி வாங்கினேன். மருந்தின் எடைக்கு இரண்டு பங்கு மானிடாலைக் கொட்டினேன். பயமே இல்லை, அவ்வளவு கோபம்.

விடுமுறை முடிந்து வந்த பேராசிரியர் முன்னால் மாத்திரையைத் தண்ணீரில் போட்டேன். அதன் பருமனைப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டே நிமிடத்தில் அது உடைந்து தண்ணீரெல்லாம் வெளுத்தது. அடியில் ஒன்றும் தங்கவில்லை. ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அவர் திருகித் திருகிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே?"

"கட்டி இருந்தாதானே சார் தெரியும்? எல்லாம் பழையபடி கண்ணுக்கே தெரியாத தூளா பிரிஞ்சிடுச்சு."

மறுபடி குனிந்து பார்த்தார். "எவ்ளோ சக்கரை போட்ட?"

"ரெண்டு பங்கு. உங்கள கேக்கல சார்."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்று சிரித்துவிட்டார். "போய் எழுத ஆரம்பிம்மா."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அன்று வீட்டுப் படியேறும்போதே மாமியாரிடம் சொன்னேன்: "முடிச்சிட்டேன் அத்தை. அடுத்த மாசத்துலருந்து வேலைக்குப் போறேன்."

"சரி, கை கால் கழுவிட்டு வா," என்றார் அவர். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, போகட்டுமா என்று நான் கேட்கவே இல்லை.