செல்வி குடியிருந்த வீடு

காலையில் கீழ்வீட்டில் யாரோ கொய்யாப்பழம் நறுக்கியிருக்கிறார்கள். அந்த வாசனை மாடியேறி வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சின்ன வயதில் நெய்வேலியில் எங்களுக்கு, அப்பாவின் கம்பெனி கொடுத்த ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். என் தோழி செல்வியின் வீட்டில் இரண்டு அறைகள், தோட்டம், காய்த்துத் தள்ளும் கொய்யாமரம். பிறருடைய வீட்டுக்கு ஆசைப்படக் கூடாது என்ற கட்டளையை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துவிட்டு, அதே இடத்தில் முழங்காலிட்டு அந்த வீட்டைக் கேட்டு ஜெபித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அடுத்த மாதமே செல்வியின் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அவர்கள் வீட்டைக் காலி செய்து பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்துக்குப் போய்விட்டார்கள். சீனியாரிட்டிப்படி அந்த வீடு என் அப்பாவுக்கு வந்தது.

குடிபோன அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

“நான் இந்த வூட்டைக் கேட்டு ஜெபம் பண்ணேம்மா. அதனாலதான் அவரு செத்துட்டாரு.”

“சாவுக்கு நீ காரணமில்லடி,” என்றாள் அம்மா. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ஆனா நானு, செல்வி அம்மாவைக் கட்டிப்புடிச்சு அழுதுகினே இந்த சமையக்கட்டை அளவு பாத்துகினு இருந்தேன்.”

மறுநாள் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க முத்தாண்டிக்குப்பம் போனாள். செல்வியின் அம்மா காபி கொடுத்தார்.

“அந்த வூடு வேற யாருக்கோ போவாம நீங்க வந்தது நிம்மதியா இருக்குங்க.”

அம்மா காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். மன்னிப்புக் கேட்காமலே திரும்பி வந்தோம்.

அம்மா இப்போது இல்லை. செல்வியின் போன் நம்பரைக் காலையிலிருந்து பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.